பதினெட்டுக் கையெழுத்துகள்

(திருவல்லிக்கேணியில் ஒரு வாசகர் கூட்டத்தில் அமெரிக்க இலக்கியம் குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க இலக்கிய இயக்கங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவதற்கு ஒரு நல்ல கையேடு போதும். அதற்காக நீங்கள் இந்த வெயிலில் வந்திருக்க வேண்டியதில்லை. எனவே ஒரே ஒரு நூலின் முன்பக்கங்களிலிருந்து தொடங்குகிறேன்.

1761ஆம் ஆண்டு கோடையில் பாஸ்டன் துறைமுகத்துக்கு ஓர் அடிமைக் கப்பல் வந்து சேர்ந்தது. கப்பலின் பெயர் ஃபிலிஸ். மேற்கு ஆப்பிரிக்காவில் பிடித்து ஏற்றப்பட்ட ஒரு சிறுமி அதில் இருந்தாள். முன்பற்கள் விழுந்திருந்ததைப் பார்த்து, ஏழு வயது இருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஜான் வீட்லி என்பவர் தம் மனைவிக்குப் பணிசெய்ய அவளை விலைக்கு வாங்கினார். கப்பலின் பெயரே அவளுக்குப் பெயரானது. குடும்பப் பெயர், வாங்கியவருடையது. ஃபிலிஸ் வீட்லி.

பதினாறு மாதங்களில் அவள் விவிலியத்தின் கடினமான பகுதிகளைக்கூடப் படித்தாள் என்று அந்த எஜமானரே எழுதி வைத்திருக்கிறார். பிறகு லத்தீன் கற்றாள். பதின்ம வயதிலேயே அவளுடைய கவிதைகள் அச்சேறின. ஆனால் ஒரு தொகுப்பாக வெளியிட 1772இல் பாஸ்டனில் முயன்றபோது, முன்பணம் கட்டி வாங்கப் போதிய ஆள் சேரவில்லை. அடுத்த ஆண்டு லண்டனில்தான் நூல் வந்தது. அதைத் திறந்தால், கவிதைகளுக்கு முன்னால் ஒரு சான்றிதழ் இருக்கிறது. 'இக்கவிதைகளை எழுதியவள் ஃபிலிஸ் என்ற நீக்ரோப் பெண்தான் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்' என்பது அதன் சாரம். கீழே பதினெட்டுப் பேருடைய கையெழுத்துகள். ஆளுநர், துணை ஆளுநர், பாதிரியார்கள், பெருவணிகர்கள். அவர்களில் ஒருவர் ஜான் ஹான்காக். மூன்றே ஆண்டுகள் கழித்து அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் எல்லோருக்கும் முந்திப் பெரிதாகக் கையெழுத்திட்டவர் அவர்தான்.

கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்து வாங்குவது நமக்குப் பழக்கம். இங்கே ஒரு கவிஞரின் சொல்லுக்கே பதினெட்டு ஜாமீன்.

கல்லூரியில் இந்தப் பாடத்தை நீண்ட காலம் கற்பித்தவன் நான். நான் மாணவனாக இருந்தபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் எமர்சனிலிருந்து தொடங்கினோம். ஃபிலிஸின் பெயரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிற்காலத்தில் இந்தச் சான்றிதழைப் படித்த அன்று, அதுவரை நான் கற்பித்த வரலாறு முழுவதும் வேறொரு வெளிச்சத்தில் தெரிந்தது. யாருடைய சொல்லுக்கு ஜாமீன் கேட்டார்கள்? யார் ஜாமீன் இல்லாமலே பேசத் துணிந்தார்கள்? அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் அமெரிக்க இலக்கியத்தின் ஒவ்வொரு திருப்பமும் எனக்குப் பிடிபடுகிறது.

ஃபிலிஸுக்கு முன்பே இது தொடங்கிவிட்டது. மாசசூசெட்ஸில் குடியேறிய, கடுமையான சமயநெறி கொண்ட பியூரிட்டன்களிடையே ஆன் பிராட்ஸ்ட்ரீட் என்ற பெண் எட்டுப் பிள்ளைகளை வளர்த்தபடி கவிதை எழுதினார். அவருடைய நூலை 1650இல் லண்டனில் அச்சிடக் கொடுத்தவர் தங்கை கணவர். அவர் எழுதிய முன்னுரை வாசகருக்கு ஓர் உறுதிமொழி தருகிறது: இந்தப் பெண் தம் வீட்டுக் கடமைகளைக் கைவிடவில்லை, தூக்கத்தைக் குறைத்துக்கொண்ட நேரத்தில்தான் இவற்றை எழுதினார்! வட அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து அச்சான முதல் கவிஞருக்கும் ஓர் ஆண்மகனின் ஜாமீன் வேண்டியிருந்தது.

விடுதலை பெற்ற பிறகு அந்த நாட்டுக்கே ஜாமீன் தேவைப்பட்டது. 1820இல் சிட்னி ஸ்மித் என்ற ஆங்கில விமர்சகர், உலகத்தின் எந்த மூலையில் யார் அமெரிக்கப் புத்தகத்தைப் படிக்கிறார்கள் என்று எடின்பரோ பத்திரிகையில் கேட்டார். அந்தக் கேள்வி அமெரிக்கர்களை நெடுங்காலம் உறுத்தியது. வாஷிங்டன் இர்விங், கூப்பர் போன்றோர் ஐரோப்பாவும் படிக்கும்படி எழுதிப் பெயர் வாங்கினார்கள்.

அதே காலத்தில் நடந்த வேறொரு காரியத்தை அன்றைய விமர்சகர்கள் கவனிக்கவில்லை. செரோக்கி இனத்தைச் சேர்ந்த செகோயா, ஆங்கிலம் எழுதவோ படிக்கவோ தெரியாதவர், தம் மொழிக்குத் தாமே எழுத்துகளை உருவாக்கினார். அசைக்கு ஒன்றாக எண்பதுக்கும் மேற்பட்ட எழுத்துகள். க, கா, கி, கீ என்று எழுதிப் பழகிய நமக்கு அந்த முறை உடனே புரியும். 1821இல் முடித்தார். மக்கள் அதை விரைவாகக் கற்றுக்கொண்டார்கள். 1828இல் செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் செய்தித்தாள் வெளிவந்தது. பத்தே ஆண்டுகளில் அந்த மக்களை அவர்கள் மண்ணிலிருந்து ராணுவம் விரட்டியடித்தது. வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அமெரிக்க இலக்கியம் பிரிட்டனிலிருந்து கப்பலேறி வந்தது என்று யாராவது சொன்னால் செகோயாவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மண்ணில் கதையும் பாட்டும் அதற்கு ஆயிரம் ஆண்டுகள் முன்பே இருந்தன.

இனி எமர்சன். 1837 ஆகஸ்ட் 31 அன்று ஹார்வர்டில் அவர் ஆற்றிய உரையில், ஐரோப்பிய அரசவைகளின் கலைத்தேவதைகளுக்கு நாம் செவிசாய்த்தது போதும் என்றார். அமெரிக்காவின் அறிவுலகம் விடுதலை பெற்ற நாள் என்று அதைச் சொல்வார்கள். டிரான்சென்டென்டலிசம் என்ற நீண்ட பெயரைக் கேட்டு மாணவர்கள் மிரளுவார்கள். சாரம் எளிது. உண்மையை அறிய தேவாலயமோ மரபோ இடையில் நிற்க வேண்டியதில்லை, ஒவ்வொரு மனிதனின் உள்ளத்திலும் இயற்கையிலும் அது நேரே துலங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் உபநிடதங்களையும் கீதையையும் மொழிபெயர்ப்பில் தேடித் தேடிப் படித்தவர்கள் அவர்கள்.

எமர்சனின் நண்பர் தோரோவின் கதை நம் வாசலுக்கே வருகிறது. எமர்சனுக்குச் சொந்தமான நிலத்தில், வால்டன் ஏரிக்கரையில், தோரோ தம் கையால் ஒரு சிறு வீடு கட்டினார். செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். பலகைக்கு எவ்வளவு, ஆணிக்கு எவ்வளவு என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார். 1845 ஜூலை 4 அன்று குடியேறினார். ஒரு குளிர்காலத்தில் நூறு கூலியாட்கள் வந்து, உறைந்த ஏரியைப் பாளம் பாளமாக அறுத்தார்கள். தோரோ சன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் நியூ இங்கிலாந்துப் பனிக்கட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. ஃபிரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர் அதற்காகவே 1842இல் சென்னையில் ஒரு கிடங்கு கட்டினார். இந்தக் கூட்டம் முடிந்ததும் கடற்கரைப் பக்கம் நடந்தால் அதைப் பார்க்கலாம். ஐஸ் ஹவுஸ் என்று இப்போதும் சொல்கிறோமே, விவேகானந்தர் இல்லம், அதுதான்.

சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுபவர்கள் என் கிணற்று நீரைக் குடிக்கப் போகிறார்கள் என்று தோரோ தம் நூலில் எழுதினார். அதே பத்தியில், காலை நேரத்தில் கீதையில் தம் அறிவை நீராட்டுவதாகச் சொல்லி, வால்டனின் நீர் கங்கையின் புனித நீரோடு கலக்கிறது என்று எழுதுகிறார். சென்னையின் பெயரை இவ்வளவு அன்போடு சொன்ன வேறொரு 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தை நான் படித்ததில்லை. அடிமை முறையையும் மெக்சிகோ போரையும் ஆதரிக்கும் அரசுக்கு வரி கட்டமாட்டேன் என்று ஒரு நாள் இரவு அவர் சிறையில் இருந்தார். அதிலிருந்து பிறந்த கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவில் காந்தி படித்தார்.

ஹாதோர்ன், மெல்வில், போ ஆகிய எழுத்தாளர்கள் மூவரும் எமர்சனின் வெளிச்சத்தை நம்பாதவர்கள். ஹாதோர்னின் முன்னோர் ஒருவர் 1692இல் சேலத்தில் சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்களை விசாரித்த நீதிபதி. அந்தப் பழியை அவர் தம் எழுத்து முழுவதும் சுமந்தார். மெல்விலின் திமிங்கில வேட்டை நாவல் 1851இல் வந்து விலைபோகவில்லை. அவர் பத்தொன்பது ஆண்டுகள் நியூயார்க் சுங்கத்துறையில் வேலை பார்த்து, மறக்கப்பட்டவராகவே இறந்தார். அவரைத் தூக்கி நிறுத்தியது 1920கள்.

1855இல் புரூக்ளினில் வால்ட் விட்மன் தம் செலவில் ஒரு மெல்லிய நூலை அச்சிட்டார். சில பக்கங்களுக்குத் தாமே அச்சுக் கோத்தார். பன்னிரண்டு கவிதைகள்; எதற்கும் தனித் தலைப்பு இல்லை. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயரும் இல்லை. அதன் எதிரில், சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றி நிற்கும் தொழிலாளி போன்ற ஒருவரின் படம். யாப்பு கிடையாது. எமர்சன் அதைப் படித்து, ஒரு பெரும் பயணத்தின் தொடக்கத்தில் உங்களை வாழ்த்துகிறேன் என்று கடிதம் எழுதினார். மறு ஆண்டு இரண்டாம் பதிப்பில் விட்மன் அந்த வரியை, எமர்சனைக் கேட்காமலே, புத்தகத்தின் முதுகில் பொன் எழுத்தில் பதித்தார். யாருக்கும் தலைவணங்காத அந்தப் பெருங்குரலும் ஒரு ஜாமீனைத் தேடியது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் இளகுகிறது. எதுகை, மோனை, தளை எதுவுமில்லாத இந்தக் கவிஞரைத் தமிழருக்கு அறிமுகப்படுத்திக் கட்டுரை எழுதியவர் பாரதி. நம் வசன கவிதையின் வேர்களில் ஒன்று புரூக்ளினில் இருக்கிறது.

எமிலி டிக்கின்சன் இதற்கு நேர் எதிர்த் திசை. 1862இல் ஹிக்கின்சன் என்ற எழுத்தாளருக்கு, என் கவிதைக்கு உயிர் இருக்கிறதா என்று சொல்ல முடியுமா எனக் கேட்டு எழுதினார். அவர் தயங்கினார். எமிலி ஆம்ஹர்ஸ்ட் வீட்டில் தம் கவிதைகளைத் தாள்களில் பிரதி எடுத்து, மடித்து, நூலால் தைத்து வைத்தார். அப்படி நாற்பது சிறு ஏடுகள். 1886இல் அவர் இறந்த பிறகு தங்கை லவினியா பெட்டியைத் திறந்துதான் அந்தக் குவியலைக் கண்டார். மொத்தம் ஏறத்தாழ 1,800 கவிதைகள். வாழ்நாளில் அச்சானவை பத்து அளவில்தான். முதல் பதிப்பாளர்கள் அவருடைய இடைக்கோடுகளை நீக்கி, எதுகையைச் சீராக்கி, கவிதைகளுக்கு நல்லொழுக்கம் கற்பித்தார்கள். அவர் எழுதியபடியே எல்லாம் வெளிவர 1955 ஆனது. அந்த ஹிக்கின்சன் சாதாரணமானவர் அல்லர். அதே 1862இல் அவர் உள்நாட்டுப் போருக்குப் போய், விடுதலை பெற்ற அடிமைகளின் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார். இரவில் நெருப்பைச் சுற்றி நின்று அவர்கள் பாடிய பாடல்களைக் குறித்துக்கொண்டு வந்து பின்னாளில் அச்சிட்டார். எமிலியின் புதுமையின் முன் தயங்கிய காது அந்தப் பாடல்களைக் கேட்டுக்கொண்டது.

இப்போது என் நெஞ்சுக்கு மிக அருகில் இருக்கும் பகுதிக்கு வருகிறேன். அடிமைகளின் தன்வரலாறுகள்.

ஃபிரெடெரிக் டக்ளஸ் பால்டிமோரில் சிறுவனாக இருந்தபோது, எஜமானி அவருக்கு எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கணவர் தடுத்தார். அடிமைக்குப் படிப்பு வந்தால் அவன் அடிமையாக இருக்கமாட்டான் என்றார். சிறுவனுக்கு அந்த ஒரு வாக்கியமே பாடமானது. ரொட்டித் துண்டுகளைச் சட்டைப்பையில் எடுத்துப்போய், தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்குக் கொடுத்து, பதிலுக்குப் பாடம் கேட்டார். எழுதக் கற்றது கப்பல் கட்டும் தளத்தில். அங்கே தச்சர்கள் மரத்தைச் செதுக்கி முடித்ததும், கப்பலின் எந்தப் பக்கத்துக்கு உரியது என்று காட்ட அதில் ஓர் எழுத்தைப் பொறிப்பார்கள். இடப்பக்கத்துக்கு 'எல்', வலப்பக்கத்துக்கு 'எஸ்'. முன்பகுதிக்கு 'எஃப்', பின்பகுதிக்கு 'ஏ'. அந்த நான்கையும் பார்த்துப் பார்த்துக் கற்றார். பிறகு எழுதத் தெரிந்த சிறுவன் ஒருவனைப் பார்த்தால், உன்னளவுக்கு எனக்கும் எழுதத் தெரியும் என்பார். எங்கே எழுது பார்க்கலாம் என்பான் அவன். இவர் நான்கையும் எழுதிவிட்டு, இதைவிட அதிகம் எழுதிக் காட்டு என்பார். அவன் எழுதிக் காட்டுவான். இவருக்கு ஐந்தாவது எழுத்து கிடைத்துவிடும். வேலிப் பலகையும் செங்கல் சுவரும் நடைபாதையும் நோட்டு, சுண்ணக்கட்டி பேனா.

1845இல் வந்த அவருடைய நூலின் தலைப்பிலேயே 'அவரே எழுதியது' என்ற சொற்கள் உள்ளன. இருந்தும் நூலுக்கு முன்னால் இரண்டு வெள்ளையர்களின் சான்றுரைகள் நிற்கின்றன. ஃபிலிஸுக்குப் பிறகு எழுபத்திரண்டு ஆண்டுகள்!

ஹாரியட் ஜேக்கப்ஸுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. எஜமானனின் பாலியல் தொல்லையிலிருந்து தப்ப, பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் ஒரு பொந்தில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தார். நீளம் ஒன்பது அடி, அகலம் ஏழு அடி, உயரம் மிகுதியான இடத்தில் மூன்று அடி. எழுந்து நிற்க முடியாது. பலகையில் துளையிட்டு, தெருவில் போகும் தம் பிள்ளைகளைப் பார்த்தார், கூப்பிட முடியாது. 1861இல் புனைபெயரில் இதை எழுதி வெளியிட்டார். ஆனால் ஓர் அடிமைப் பெண் இப்படி எழுதியிருக்க முடியாது, இது வெள்ளைப் பெண் ஒருவர் இட்டுக்கட்டிய நாவல் என்று நூறு ஆண்டுகளுக்கு மேல் அறிஞர்கள் பலர் நம்பினார்கள். 1980களில் ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர் கடிதங்களையும் ஆவணங்களையும் தேடியெடுத்து, நூலை எழுதியவர் ஹாரியட்தான் என்று நிறுவினார். நான் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒரு மாணவி கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

உள்நாட்டுப் போருக்குப் பின் யதார்த்தவாதம். மிசிசிப்பி ஆற்றில் படகோட்டியாக இருந்த சாமுவேல் கிளெமன்ஸ், ஆழம் பார்ப்பவர்கள் கூவும் 'மார்க் ட்வெய்ன்', அதாவது பன்னிரண்டடி ஆழம், படகு பயமின்றிப் போகலாம் என்ற சொல்லையே புனைபெயராக்கிக்கொண்டார். 1885இல் அமெரிக்காவில் வெளிவந்த ஹக்கிள்பெரி ஃபின் நாவலில், பள்ளிக்கூடம் பிடிக்காத ஒரு சிறுவன் தன் கொச்சையிலேயே முழுக் கதையையும் சொல்கிறான். எந்தெந்த வட்டார வழக்குகளைக் கையாண்டிருக்கிறேன் என்று ஆசிரியர் முன்குறிப்பே எழுதினார். அந்த நூலைக் கீழ்த்தரமானது என்று விலக்கிய முதல் நூலகம் எது தெரியுமா? எமர்சனும் தோரோவும் வாழ்ந்த கான்கார்டு ஊரின் பொது நூலகம். தப்பியோடிய அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தை ஹக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கும் இடத்தை நீங்கள் வாய்விட்டுப் படிக்க வேண்டும். காட்டிக்கொடுக்காவிட்டால் நரகம் என்றுதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவன் நரகத்துக்கே போகிறேன் என்று கடிதத்தைக் கிழிக்கிறான்.

இயல்புவாதிகளையும் நவீனத்துவத்தையும் வேகமாகக் கடக்கிறேன். எலியட், ஹெமிங்வே, ஃபாக்னர் எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கிறார்கள். 1922இல் வந்த எலியட்டின் நீண்ட கவிதை பிரகதாரண்யக உபநிடதத்தின் இடிமுழக்கத்தோடும் மும்முறை சாந்தியோடும் முடிகிறது. ஃபாக்னர் மின்நிலையத்தில் இரவுப் பணி பார்த்தபடி ஒரு நாவலை எழுதி முடித்தார். நான் நிற்க விரும்பும் இடம் அதே ஆண்டுகளில் நியூயார்க்கின் வடபகுதியில் கறுப்பின எழுத்தாளர்களிடையே பூத்த ஹார்லெம் மறுமலர்ச்சி. லாங்ஸ்டன் ஹியூஸ் பள்ளி முடித்த வயதில், ரயில் மிசிசிப்பியைக் கடக்கும்போது, நதிகளைப் பற்றிய தம் புகழ்பெற்ற கவிதையை எழுதினார்.

அவரோடு ஜோரா நீல் ஹர்ஸ்டன். மானுடவியல் படித்தவர். 1927இல் அலபாமாவுக்குப் போய், அமெரிக்காவுக்கு வந்த கடைசி அடிமைக் கப்பலில் கொண்டுவரப்பட்ட முதியவர் கட்ஜோ லூயிஸைச் சந்தித்தார். பீச் பழமும் தர்பூசணியும் வாங்கிப்போய், அவர் பேச விரும்பிய நாள்களில் கேட்டு, பேசாத நாள்களில் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்து, அவர் பேசிய வழக்கிலேயே எழுதினார். பதிப்பகம் ஒன்று, இதைக் கொச்சையில் இல்லாமல் நல்ல மொழியில் மாற்றிக் கொடுத்தால் வெளியிடலாம் என்றது. ஹர்ஸ்டன் மறுத்துவிட்டார். அந்த முதியவரின் வாய்ச்சொல்லைத் திருத்த அவருக்கு மனம் வரவில்லை. நூல் வெளிவந்தது 2018இல். ஹர்ஸ்டன் 1960இல் வறுமையில் இறந்திருந்தார். ஃபுளோரிடாவில் அவரைப் புதைத்த இடத்தில் பெயர்ப் பலகைகூட இல்லை. 1973இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் இடுப்பளவு புல்லுக்குள் நடந்து, அந்த இடத்தைத் தேடி, ஒரு கல் நட்டார். ஆசிரியருக்கு மாணவர் செய்யும் கடன் என்று நாம் சொல்வோமே, அது.

1957இல் ஆலன் கின்ஸ்பெர்கின் கவிதை ஆபாசமானது என்று சான்பிரான்சிஸ்கோவில் வழக்கு நடந்தது. பேராசிரியர்களும் விமர்சகர்களும் கூண்டேறி, இது இலக்கியம்தான் என்று சாட்சி சொன்னார்கள். நீதிபதி ஒப்புக்கொண்டார். கின்ஸ்பெர்க் போன்றோரின் பீட் தலைமுறை அதற்குப் பின் நாடெங்கும் பரவியது. 1969இல் கயோவா இனத்தைச் சேர்ந்த மோமடேயின் நாவலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தபோது, பூர்வகுடிகளின் எழுத்துக்குக் கதவு திறந்தது. செகோயாவுக்குப் பின் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள்.

டோனி மாரிசன் பதிப்பகத்தில் பணியாற்றியபோது ஒரு பழைய செய்தித் துணுக்கைப் பார்த்தார். 1856இல் உறைந்த ஒஹாயோ ஆற்றைக் கடந்து தப்பிய மார்கரெட் கார்னர், பிடிபடும் நேரத்தில், மீண்டும் அடிமையாகக்கூடாது என்று தன் பெண்குழந்தையைக் கொன்றாள். அந்தத் துணுக்கிலிருந்து 1987இல் 'பிலவ்ட்' நாவல் பிறந்தது. புலிட்சர் பரிசும் தேசிய நூல் விருதும் அவருக்கு அதுவரை கிடைக்கவில்லை. 1988 ஜனவரியில் நாற்பத்தெட்டுக் கறுப்பின எழுத்தாளர்கள் கையெழுத்திட்டு நியூயார்க் டைம்ஸில் அதைச் சுட்டி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். சிலர் அதைக் குறை சொன்னார்கள். எனக்கு அந்த நாற்பத்தெட்டுக் கையெழுத்தும் பதினெட்டுக் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை. ஃபிலிஸின் மக்கள் தங்களில் ஒருவருக்குத் தாங்களே நின்று கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு புலிட்சர், 1993இல் நோபல்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஏஞ்சல் தீவு இருக்கிறது. சீனர்கள் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் இருந்த காலத்தில், 1910 முதல் 1940 வரை, அங்கே ஒரு மரக் கொட்டகையில் அவர்களை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடைத்து விசாரித்தார்கள். உன் ஊரில் உன் வீட்டு வாசலிலிருந்து கிணறு எத்தனை அடி என்பதுபோலக் கேள்விகள். அவர்கள் சுவர்ப் பலகையில் கவிதைகளை முதலில் தூரிகையால் எழுதினார்கள், பிறகு கத்தியால் செதுக்கினார்கள். பழைய சீன யாப்பு, நாலடி, எட்டடி. அதிகாரிகள் மக்குப் பூசி, மேலே வண்ணம் அடித்தார்கள். அடைபட்டவர்கள் மீண்டும் செதுக்கினார்கள். 1970இல், கட்டடத்தை இடித்துவிடலாம் என்றிருந்தபோது, ஒரு பூங்காக் காவலர் கைவிளக்கோடு உள்ளே போனார். மக்குச் சுருங்கி, வண்ணம் உரிந்து, சுவரில் எழுத்துகள் தெரிந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட கவிதைகள் இதுவரை கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவற்றின் கீழே யாருடைய பெயரும் இல்லை.